நான் குடத்தோடு எதிரே வந்த காரணம்

அன்புள்ள தம்பி,

அன்று காலை நான் "நில்லு" என்று சொல்லவில்லை. "அந்தக் காரை எடுக்காதே" என்று சொல்லவில்லை. "பின் சக்கரத்தை ஒருதரம் பார்த்துவிட்டுப் போ" என்றாவது சொல்லியிருக்கலாம், அதையும் சொல்லவில்லை. வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போய், தண்ணீர்த் தொட்டியில் பித்தளைக் குடத்தை முக்கினேன். போன வாரம் நீயும் உன் மனைவியும் கொழும்புக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது, கயிற்றை இழுத்து முடிந்தபடியே தலை நிமிராமல் கேட்டாய்: "அன்னைக்கு ஏன் நீங்க வாயால சொல்லல?" அடுப்பில் பருப்பு பொங்குகிறது என்று சொல்லி நான் எழுந்து போய்விட்டேன். பருப்பு பொங்கவில்லை. அன்று பருப்பே வைக்கவில்லை. அதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அரிசி களைய உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுகிறேன். புத்தகத்தைப் பிரித்தால் படித்த பக்கத்தையே திரும்பப் படிக்கிறேன். நேரில் சொல்ல வந்தால் மறுபடியும் ஏதாவது பொங்கும். அதனால் எழுதுகிறேன்.

மகனுக்கு என்று எழுத எனக்கு உரிமை இருக்கிறதா என்று தாளை எடுக்கும் முன் யோசித்தேன். உன்னைவிட எனக்கு ஒன்பது வயதுதான் அதிகம். உன் அம்மா போன பிறகு உக்குவளையிலிருந்து நான் இந்த வீட்டுக்கு வந்தபோது நீ பதின்மூன்று வயதுப் பையன். ஒரு தகரப் பெட்டி நிறையப் புத்தகம் கொண்டுவந்திருந்தேன். உன் அத்தை, அதாவது உன் அப்பாவின் அக்கா, அதைத் திறந்து பார்த்துவிட்டு, "சேலை எங்கம்மா?" என்று கேட்டார். கூடத்தில் நீ மட்டும் சிரித்தாய். ஏளனமாக இல்லை, வேடிக்கையாகச் சிரித்தாய். அந்த ஒரு சிரிப்பை வைத்துக்கொண்டு நான் ரொம்ப நாள் ஓட்டினேன். நான் உன்னைத் தம்பி என்றேன். நீ என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. "இங்க பாருங்க", "கேட்டீங்களா", "சோறு இருக்கா" என்றே வருடங்கள் போயின. குறையாகச் சொல்லவில்லை. உனக்கு அம்மை வார்த்தபோது வேப்பிலையில் படுக்க வைத்து விசிறியது நான். உன் பள்ளிக்கூடத்துச் சட்டைகளுக்குப் பித்தான் தைத்தது நான். அதற்கு மேல் ஒரு உரிமை வேண்டுமென்றால் அது என்னிடம் இல்லை.

அந்தக் காரைப் பற்றி எழுதாமல் இதை எழுத முடியாது. இரத்தோட்டைப் பக்கத் தோட்டத்தில் இருந்த துரை சீமைக்கே திரும்பிப் போகிறார் என்றபோது, அவர் வைத்திருந்த பச்சைக் காரை நீ வாங்கி வந்தாய். தாழ்ந்த கார். மேலே துணிக் கூரை. இரண்டு பேர் மட்டுமே உட்காரலாம். உன் அப்பா மிளகும் கொக்கோவும் வாங்கி விற்கிறவர். எந்த வண்டியைப் பார்த்தாலும் எத்தனை மூட்டை ஏறும் என்றுதான் பார்ப்பார். காரைச் சுற்றி வந்தார். "ஒரு மூட்டைகூட ஏத்த முடியாதேடா" என்றார். நம் லொறி டிரைவர் ராசு பக்கத்தில் நின்று, "மூட்டை எதுக்கு மொதலாளி, ஒரு பொண்ணை ஏத்தலாம்" என்றான். உன் அப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நீ எதையும் காதில் வாங்கவில்லை. குனிந்து சக்கரத்தைத் தடவிக்கொண்டிருந்தாய். அந்தச் சக்கரங்கள் எனக்கும் பிடித்திருந்தன. சைக்கிள் சக்கரம் போலக் கம்பி கம்பியாக இருக்கும். லொறிச் சக்கரத்துக்குச் சுற்றிவரப் பல நட். இதற்கு நடுவில் ஒரே ஒரு பெரிய நட், இரண்டு காது வைத்தது. அதைக் கையால் திருகிவிட்டு, செம்புத் தலைச் சுத்தியலால் காதில் அடித்து இறுக்க வேண்டும். நீ அடிக்கும்போது தெருக்கோடி வரை டங் டங் என்று கேட்கும். "கோயில் மணி அடிச்சாச்சு, தம்பி கிளம்பப் போகுது" என்று எதிர்க்கடைக்காரர் சொல்வார்.

பிறகு அந்தச் சத்தம் வந்தது. நீ இறக்கத்தில் வந்து கடைக்கு முன்னால் பிரேக் பிடிப்பாய். காரின் பின்பக்கத்தில் 'டொக்' என்று ஒன்று இடிக்கும். மறுபடி நீ காரை எடுக்கும்போது இன்னொரு 'டொக்'. அடுப்படி ஜன்னல் தெருப் பக்கம் இல்லை. எனக்கு நீ வருவதும் போவதும் எப்போதும் சத்தமாகத்தான் தெரியும். அதனால் இது எனக்கு முதல் நாளே கேட்டது. பிறகு வேறு எதுவும் கேட்காதபடி ஆகிவிட்டது. தேங்காய் துருவிக்கொண்டிருப்பேன், கை நின்றுவிடும். காது தெருவுக்குப் போய்விடும்.

ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். உன் அப்பா, டிக்கியில் காரைத் தூக்கும் ஜக் உருள்கிறது என்றார். நீ ஜக்கை எடுத்து வெளியே போட்டாய், மாற்றுச் சக்கரத்தையும் இறக்கினாய். காலி டிக்கியோடு ஓட்டி வந்து பிரேக் பிடித்தாய். டொக். ராசு, பிரேக் கட்டை இறுகிப்போய் ஒரேயடியாகப் பிடிக்கிறது என்று காருக்கு அடியில் படுத்து எதையோ தளர்த்தினான். டொக். அலுவிகாரையில் கராஜ் வைத்திருக்கும் பியதாச பாஸிடம் கொண்டுபோனாய். அவர் குழிக்குள் இறங்கிப் பார்த்துவிட்டு, "வில்லுல றப்பர் புஷ் தேஞ்சி முடிஞ்சி மாத்தயா, புதுசு போட்டா பூனை மாதிரி போகும்" என்றாராம். புது றப்பர் போட்டுக்கொண்டு பெருமையாக வந்து கடை வாசலில் நிறுத்தினாய். டொக். "பூனை இல்ல தம்பி, ஆட்டுக்கல்லு" என்றான் ராசு. நீ கோபப்பட்டாய். "ஸ்போர்ட்ஸ் கார்னா சத்தம் இருக்கத்தான் செய்யும். லொறிக்காரனுக்கு என்ன தெரியும்" என்றாய். அவன் உன்னைத் தோளில் தூக்கித் திரிந்தவன். சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

எனக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் சர்க்கரை சுற்றி வந்த காகிதத்தைக்கூட விடாமல் படிக்கிறவளுக்கு ஒரு பழக்கம் இருக்கும். ஒன்றைச் சொன்னால் அதற்கு முந்தினது என்ன என்று மனசு தேடும். நீங்கள் எல்லோரும் சத்தம் எங்கே எங்கே என்று காருக்கு அடியில் தேடினீர்கள். எப்போதிலிருந்து என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு அது தெரியும். சரஸ்வதி பூசைக்குப் பிறகு வந்த சத்தம் அது. இன்னொன்றும் கவனித்தேன். நின்றால் ஒன்று, கிளம்பினால் ஒன்று. ஏதோ ஒன்று இருக்கும் இடத்தில் இறுக்கமாக இல்லாமல், பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் போய் இடிக்கிறது, எடுத்தால் திரும்பி வந்து மறுபக்கம் இடிக்கிறது. இதை உன் அப்பா சாப்பிடும்போது சொன்னேன். "பூசைக்கு அப்புறந்தாங்க இந்தச் சத்தம்" என்றேன். கூடத்திலிருந்து உன் அத்தை, "கேட்டியாடா, பூசை பண்ணினதால கார் கெட்டுப் போச்சாம்" என்றார். உன் அப்பா ரசத்தை ஊற்றிக்கொண்டு, "உனக்கு எதுக்கு இதெல்லாம்" என்றார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பூசையன்று நடந்ததை, எல்லாம் முடிந்த பிற்பாடுதான் ராசு எனக்குச் சொன்னான். நான் அப்போது சுண்டலோடு அடுப்படியில் இருந்தேன். சேறு போகக் கழுவ வேண்டும் என்று நீ நான்கு சக்கரத்தையும் கழற்றியிருந்தாய். முன் இரண்டையும் பூட்டி அடித்து இறுக்கிவிட்டாய். பின் இரண்டையும் பூட்டி நட்டைக் கையால் திருகிக்கொண்டிருக்கும்போது ஐயர் வந்துவிட்டார். உன் அத்தை கடைத் தராசு, லொறிச் சாவிகள், ஸ்பேனர்கள் எல்லாவற்றையும் கழுவித் துடைத்துச் சந்தனம் வைத்துச் சாமியறையில் அடுக்கினார். உன் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு போனார். பூசையில் வைத்த ஆயுதத்தை மறுபூசை முடியும்வரை தொடக்கூடாது என்பது நம் கடையில் சட்டம். தராசுகூட அன்று தூங்கும். நீ பின்னாலேயே போய், "அத்தை, ஒரு நிமிசம் குடுங்க, நாலு தட்டு தட்டிட்டுத் தாறேன்" என்றாயாம். "பொட்டு வச்சாச்சுடா. சரஸ்வதி முன்னுக்கு வச்சதை எடுத்து வீலை அடிக்கப் போறியா? நாளைக்கு அடி" என்றாராம். மறுநாள் விடியற்காலையில் மறுபூசை முடிந்ததுமே உன் அப்பா உன்னைப் பஸ்ஸில் கண்டிக்கு அனுப்பினார். ராசு அடித்திருப்பான் என்று நீ நினைத்தாய். நீ அடித்துவிட்டுப் போயிருப்பாய் என்று ராசு நினைத்தான். லொறிச் சாமான்கள் மறுபூசை முடிந்ததும் வேலைக்குத் திரும்பிப் போய்விட்டன. அந்தச் சுத்தியலுக்கு வேறு வேலை கிடையாது. யாரும் அதைத் தேடவில்லை.

நிச்சயதார்த்தத்துக்கு இரத்தோட்டைக்குப் புறப்படும் காலை. தட்டில் வைக்கக் குங்குமம் போதவில்லை என்று அத்தை சொல்ல, நான் சாமியறைக்குப் போனேன். படத்துக்கு அடியில் காய்ந்த பூவுக்குள் சுத்தியல் கிடந்தது. அதன் செம்பு முகத்தில் சந்தனப் பொட்டு வைத்தபடியே இருந்தது, ஓரம்கூட உதிரவில்லை. நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பூசையன்று சுண்டலைத் தாளித்துக்கொண்டு நான் கேட்ட டங் டங் எத்தனை சக்கரத்துக்கு? நான்குக்கா, இரண்டுக்கா? இரண்டுக்குத்தான் என்று தோன்றியது. தோன்றியதுதான், நிச்சயம் இல்லை. வெளியே காரைத் தெருவில் கொண்டுவந்து நிறுத்தி மாலை கட்டிக்கொண்டிருந்தார்கள். நீ ஓட்ட, உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து வருவதாக ஏற்பாடு. மற்றவர்கள் வேனில். நான் வீட்டில், வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டுமல்லவா. இரத்தோட்டை வீதியின் வளைவுகள் உனக்குத் தெரியும். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் ஒன்றுமில்லை. எனக்கு இருந்தது அந்தக் காரில் ஏறப்போகிற நீங்கள் இரண்டு பேர்தான்.

உன் அப்பாவிடம் போனேன். "உங்ககிட்ட ஒரு வார்த்தை. அந்தக் காரு..." என்று தொடங்கினேன். மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே, "நல்ல நேரம் போகுது. இன்னைக்கு ஒரு நாளைக்கு ஒண்ணும் பேசாத, புண்ணியமாப் போகும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சுவது போலச் சொன்னார். அது கோபத்தைவிட மோசமாக இருந்தது. நான் திரும்புவதற்குள் நீ ஏறி உட்கார்ந்து இஞ்சினை முடுக்கிவிட்டாய். நீ இருந்தது எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. கூப்பிட்டால் பின்னாலிருந்துதான் கூப்பிட வேண்டும்.

இப்போது நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். உனக்கு நினைவிருக்கிறதோ என்னவோ. பெரிய சோதனை எழுத நீ கண்டி போன காலை, பேனையை மேசையிலேயே விட்டுவிட்டு இறங்கினாய். நான் வாசலுக்கு ஓடி வந்து, "தம்பி, பேனை!" என்று கூப்பிட்டேன். நீ திரும்பி வந்து வாங்கிக்கொண்டு போனாய். சோதனை தவறியது. புறப்பட்ட பிள்ளையைப் பின்னால் கூப்பிட்டாள் என்று உன் அத்தை சொன்னதை நான் பொருட்படுத்தவில்லை; அவர் சொல்வார். ஆனால் முடிவு வந்த அன்று நீ கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டே, "நீங்க கூப்பிட்டிருக்கக் கூடாது" என்றாய். உனக்கு அப்போது பதினேழு வயது. தோற்ற பையனுக்கு யார் மேலாவது சொல்ல வேண்டியிருந்தது, அவ்வளவுதான் என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? அதன் பிறகு இந்த வீட்டில் புறப்பட்ட யாரையும் நான் கூப்பிட்டதில்லை. உன் அப்பா கண்ணாடியை மறந்துவிட்டுப் போனால்கூட ராசுவிடம் கொடுத்து அனுப்புவேன். நிச்சயதார்த்தத்துக்குப் புறப்படுகிறவனை, அதுவும் இரண்டாவதாக வந்தவள், பின்னாலிருந்து நில் என்று கூப்பிட்டு, சக்கரம் சரியாக இருந்துவிட்டால்? அந்தப் பெண்ணுக்குப் பிற்பாடு ஒரு தலைவலி வந்தால்கூட அது என் வாயிலிருந்து வந்ததாக ஆகிவிடும். சக்கரம் சரியாக இல்லாவிட்டால்? அதை நினைத்தபோது கால் தானாக நடந்தது.

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்துச் சந்து வழியாக ஓடினேன். உன் கார் இருபது அடி நகர்வதற்குள் நான் தெருவில் எதிரே வந்துவிட்டேன். பின்னாலிருந்து கூப்பிட்டால்தான் குற்றம். எதிரே வருகிற சுமங்கலியை, அதுவும் நிறைகுடத்தோடு வருகிறவளை, ஒருவரும் எதுவும் சொல்ல முடியாது. வேனுக்குள்ளிருந்து ராசுவின் மனைவி, "பாருங்க, என்ன நல்ல சகுனம்!" என்றது எனக்குக் கேட்டது. நீ சிரித்துக்கொண்டே பிரேக் பிடித்தாய். டொக். நான் விலகவில்லை. நீ ஹோர்ன் அடித்தாய். உன் அப்பா கையை வீசி, போ போ என்றார். நான் குடத்தை நடுத்தெருவில் வைத்தேன். தண்ணீர் சேலையெல்லாம் சிந்தியது. நேரே பின் சக்கரத்துக்குப் போய்க் குந்தி, நட்டின் இரண்டு காதையும் பிடித்துத் திருகினேன். மாலை வாடையும் பெற்றோல் வாடையும் வந்தன. போத்தல் மூடி கழல்வது போல அது என் கையோடு வந்தது.

நீ இறங்கி வந்து பார்த்தாய். நட்டை உன் கையில் வைத்தேன். உன் அப்பா மறுபக்கச் சக்கரத்துக்குப் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். வேனிலிருந்து இறங்கி வந்த உன் அத்தை என்னைத்தான் பார்த்தார். "வாய் இல்லையா உனக்கு? ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சா என்ன?" என்றார். ராசு, "சொல்லிட்டாங்களே அக்கா, நட்டைக் கழட்டிக் கையிலயே குடுத்துட்டாங்க" என்றான். நீ உள்ளே போய்ச் சுத்தியலைக் கொண்டுவந்து, நான்கு சக்கரத்தையும் அடித்தாய். தெரு முழுக்க வேடிக்கை பார்த்தது. எதிர்க்கடைக்காரர் மட்டும் அன்று கோயில் மணி என்று சொல்லவில்லை.

நாளைக்கு நீங்கள் இருவரும் தனிக்குடித்தனம் போகிறீர்கள். புத்தி சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் ஒன்று சொல்கிறேன், இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். உன் மனைவி கலகலப்பாகப் பேசுகிற பெண். வந்த புதிதில் நானும் அப்படித்தான் இருந்தேன், நீ மறந்திருப்பாய். வீட்டில் ஒரு பெண் பேச்சை நிறுத்துவது ஒரே நாளில் நடக்காது. ஒரு நாள் ரசம் ஊற்றிக்கொண்டே "உனக்கு எதுக்கு" என்பீர்கள். இன்னொரு நாள் மணிக்கூட்டைப் பார்ப்பீர்கள். ஒவ்வொன்றும் சின்னது; அவற்றைக் கேட்கிறவள்கூட அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டாள். பிறகு ஒரு காலையில் உன் உயிர் போகிற விஷயம் அவளுக்குத் தெரிந்திருக்கும், அவளால் அதை வாயால் சொல்ல முடியாது. எல்லாத் தெருவிலும் பக்கத்தில் சந்து இருக்காது, தம்பி. எல்லாக் குடத்திலும் அந்த நேரத்தில் தண்ணீர் இருக்காது. அவள் உன்னைப் பின்னாலிருந்து கூப்பிட்டால் நின்று திரும்பிப் பார். பேனைக்காகக் கூப்பிட்டாலும் பார். ஒன்றுமில்லாததற்குக் கூப்பிட்டாலும் பார். அன்று நான் செய்ததை உன் நண்பர்களிடம் நீ கெட்டிக்காரத்தனமாகச் சொல்லிக்கொள்கிறாய் என்று கேள்விப்பட்டேன். கெட்டிக்காரத்தனம் இல்லை. பயந்து ஓடியவள் நான். இப்போதுகூடத் தெருவில் ஏதாவது வண்டி பிரேக் பிடித்தால் நான் எழுந்து நின்றுவிடுகிறேன்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும், இருந்தாலும் எழுதிவிடுகிறேன். உன் அப்பா, "நான் வேன்லயே வாறேன்" என்று போய்விட்டார். நீ மறுபக்கக் கதவைத் திறந்து, "ஏறுங்க" என்றாய். வீட்டைப் பார்த்துக்கொள்ள ராசுவின் மனைவி இறங்கிக்கொண்டாள். நான் ஈரச் சேலையோடு உன் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். இரத்தோட்டைக்குப் போய்ச் சேர்ந்தபோது நல்ல நேரம் முடிந்திருந்தது. பெண் வீட்டார் அடுத்த நல்ல நேரம்வரை எல்லோரையும் உட்கார வைத்துத் தேத்தண்ணீர் கொடுத்தார்கள். மழை பிடித்துக்கொண்டது. உன் அத்தை தலைவலி என்று வேனைவிட்டு இறங்கவில்லை. பிற்பகலில் பெண்ணின் அம்மா, மாப்பிள்ளையின் அம்மா வாங்க வேண்டிய நிச்சயத் தட்டை என்னிடம் நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன்.